பசிபிக் கரையில் ஓர் அட்லாண்டிக் அணி

கே: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அணிகள் அடிக்கடி 'கான்ஃபரன்ஸ்' மாறுகின்றனவே, ஏன்?

ப: நம்மூர் கட்சித் தாவலைப் பார்த்தவருக்கு இது கஷ்டமான கேள்வியா? டிவி ஒப்பந்தப் பணம்தான். அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் கூடி ஆடத் தொடங்கியதே கான்ஃபரன்ஸ். இப்போது 'பிக் டென்'னில் 18 கல்லூரிகள்! கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு 2024 முதல் 'அட்லாண்டிக் கோஸ்ட்' கான்ஃபரன்ஸில். பூகோள வாத்தியார் பார்த்தால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார்.

இதில் அடிபடுவது பங்காளிச் சண்டை. டெக்சாஸும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மும் 1894-லிருந்து மோதியவை. 2012-ல் ஏ அண்ட் எம் வேறு கான்ஃபரன்ஸுக்குப் போனது, ஆட்டமே நின்றுபோனது. ஆனால் ஏ அண்ட் எம்மின் போர்ப்பாட்டு மட்டும் நிற்கவில்லை. ஆடவே வராத பங்காளியின் (டெக்சாஸின் சின்னம் நீளக்கொம்பு மாடு) கொம்பை அறுப்போம் என்று, ரசிகர்கள் தோளோடு தோள் கோத்து, இடமும் வலமுமாக அசைந்து அசைந்து பாடிக்கொண்டே இருந்தார்கள். (பகை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!)

2024-ல் டெக்சாஸும் அதே கான்ஃபரன்ஸுக்கு வந்து சேர்ந்தது. நவம்பர் 30, ஏ அண்ட் எம்மின் சொந்த மைதானம், லட்சம் பேருக்கு மேல் கூட்டம். 17-7. ஜெயித்தது டெக்சாஸ்.