அந்தமான் கப்பலின் அருங்குணங்கள்

சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமானுக்குப் போகும் பயணிகள் கப்பலை யாரும் வாயாரப் பாராட்டி நான் கேட்டதில்லை. நன்றி கெட்ட உலகம். விமானத்தில் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் இறக்கிவிட்டுவிடுகிறார்கள். நிம்மதியாக ஒரு தூக்கம் போட வழியில்லை. கப்பலுக்கு அந்த அற்ப அவசரம் கிடையாது. சுமார் 1,190 கிலோமீட்டர் கடலை மூன்று நாள் ஆற அமரக் கடக்கும்.

அதுவும் கிளம்பிய பிறகுதான். கிளம்புவதற்கு முன் அது காட்டுகிற நிதானம் ஞானிகளுக்கே வாய்க்காது. பயண அட்டவணை வரும்போதே ‘உத்தேசமானது, மாறுதலுக்கு உட்பட்டது’ என்ற குறிப்போடுதான் வரும். என்ன நேர்மை! வாக்குக் கொடுத்தால்தானே வாக்குத் தவற வேண்டும்? 2024 செப்டம்பரில் அது போய்ச் சேரும் போர்ட் பிளேர் ஒரே அறிவிப்பில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஊர்ப் பெயரே மாறினாலும் தன் சுபாவத்தை மாற்றிக்கொள்ளாத கொள்கைப் பிடிப்பு வேறு யாருக்கு வரும்?

தேதி தள்ளிப்போனால் ஊருக்கு எத்தனை நன்மை என்று பாருங்கள். ராமநாதபுரத்திலிருந்து மூட்டை முடிச்சோடு வந்த கொத்தனார் மண்ணடியில் லாட்ஜ் எடுப்பார். பாரிமுனையில் மூன்று வேளையும் சாப்பிடுவார். அந்தமானில் சம்பாதிக்கப் போகிறவர், போவதற்கு முன்பே இங்கே செலவழித்துவிட்டுப் போகிறார். வடசென்னையின் வளர்ச்சிக்கு இப்படி உழைக்கிற கப்பலையா குறை சொல்வது?

எண்ணூர், திருவொற்றியூர்க்காரர்களுக்கு லாட்ஜ் செலவு இல்லை. அவர்கள் மனம் வருந்தக் கூடாதென்று சாலையிலேயே காத்திருக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். காசிமேட்டு ஜீரோ கேட்டை நோக்கி டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்க, இடுக்கில் சிக்கிய ஆட்டோவில் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பதும் பயணத்தின் ஒரு பகுதிதானே? லாரிகளுக்காகத் துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012இல் வேலை நின்றது. 2022இல் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். ஒரு சாலைக்கு இரண்டு அடிக்கல் என்றால் அஸ்திவாரம் எவ்வளவு உறுதியாக இருக்கும்!

கப்பலுக்குள் போனால் பங்க் வகுப்பு. அடுக்கடுக்காக இரும்புக் கட்டில்கள். கம்பிக்குக் கம்பி லுங்கியைக் கட்டித் திரையாக்கி, தலைமாட்டில் செருப்பு, கால்மாட்டில் முறுக்கு டப்பா, மூக்கருகே எலுமிச்சம்பழம். எஞ்சின் அதிர்வில் கட்டில் இரவெல்லாம் தாலாட்டும். இதே துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் ஓர் உல்லாசக் கப்பலையும் ஓடவிட்டார்கள். போயே ஆக வேண்டியவனுக்கு இரும்புக் கட்டில், பொழுது போகாதவனுக்கு நீச்சல்குளம். அவரவர் தகுதி அறிந்து பரிமாறுவதல்லவா விருந்தோம்பல்?

மூப்புக்குத் தரும் மரியாதையையும் சொல்ல வேண்டும். போலந்தில் கட்டப்பட்டு 1990களின் தொடக்கத்தில் வந்த நான்கவுரி, நிக்கோபார் கப்பல்கள் ஒவ்வொன்றும் 1,200 பேர்வரை ஏற்றக்கூடியவை. அரசு ஊழியருக்குக்கூட ஓய்வு உண்டு; இவற்றுக்கு முப்பது ஆண்டு கடந்தும் பணி நீட்டிப்பு.

ஒரு காலத்தில் இங்கிருந்து ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் ஏறினார்கள். ‘ரஜூலா’ கப்பல் போனது, ‘சிதம்பரம்’ 1985இல் தீப்பிடித்ததோடு சிங்கப்பூர் கப்பலும் போனது. எந்த நாட்டுக்குப் போவது என்று குழம்பிய தமிழனுக்கு இன்று இங்கிருந்து ஒரே திசைதான் மிச்சம். எவ்வளவு பெரிய உபகாரம்!

ஒரே ஒரு விண்ணப்பம். துறைமுகத்தில் கண்டெய்னர் ஒரு நாள் கூடுதலாகக் கிடந்தால் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடுகிறது. யாராவது ஒருவர் பணம் கட்டியே தீர வேண்டும். மனிதன் ஒரு வாரம் கிடந்தாலும் அவன் லாட்ஜ் வாடகையை அவனேதான் கட்டுகிறான். ஆகவே அடுத்த கப்பலுக்கு எங்களைப் பயணி என்று எழுதி அவமானப்படுத்த வேண்டாம். சரக்கு என்றே பதிந்துகொள்ளுங்கள். தாமதத்துக்குப் பதில் சொல்ல அப்போதாவது ஓர் ஆள் இருப்பார்.