கம்பஸை வேகமாக முடிப்பது எப்படி?

டொராண்டோவிலிருக்கும் மச்சானின் மகள் நாலு வருடப் படிப்பை மூன்றில் முடிக்கப் போகிறாளாம். கோடை விடுமுறையிலும் பாடம் எடுத்து, மற்ற பருவங்களிலும் ஒரு பாடம் கூட்டிப் போட்டு, ஒரு வருடக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கும் திட்டம். அதை எக்செல்லில் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். "உன் மருமகளுக்கும் காட்டு" என்று உத்தரவு வேறு.

மருமகள் பேராதனையில் கலைப்பீடம், முதல் வருடம். காட்டினேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாமா, இதுல ஸ்ட்ரைக்குக்கு எத்தன மாசம் ஒதுக்கியிருக்காங்க?" என்றாள்.

நியாயமான கேள்விதான். 2012இல் கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் கேட்டு விரிவுரையாளர்கள் ஜூலையில் வெளியே வந்தவர்கள், திரும்ப உள்ளே போனது ஒக்டோபரில். 2020இல் கொரோனா. 2022இல் பஸ்ஸுக்கு டீசல் இல்லை. 2024 மே மாதம் கல்விசாரா ஊழியர்களின் முறை. அது இரண்டு மாதத்தைத் தாண்டியது. எண்பதுகளின் கடைசியில் பல்கலைக்கழகங்கள் மூடிக்கிடந்த காலத்தை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. இதற்கெல்லாம் முன்னால், ஏ.எல். எழுதி, இசட் ஸ்கோர் வந்து, மானியங்கள் ஆணைக்குழு கூப்பிட்டு, உள்ளே காலடி வைக்கவே ஒரு வருடத்துக்கு மேல் போய்விடுகிறது.

மிச்சம் பிடிக்கலாம் என்றால் கட்டணம் என்று ஒன்று இருக்க வேண்டாமா? கன்னங்கரா புண்ணியத்தில் நாற்பதுகளிலிருந்தே இலவசக் கல்வி. மருமகளின் செலவெல்லாம் போர்டிங் வாடகை, போட்டோகொப்பி, கலஹா சந்தியில் கொத்து. பாடம் புரியாவிட்டால் சீனியர் அக்காமார் 'குப்பி' போடுவார்கள், அதுவும் இலவசம். வேகம் வேண்டுமென்றால் கண்டி டவுனுக்குப் போக வேண்டும். சீக்கிரமே வெளிநாட்டுப் பட்டம் என்று தனியார் நிறுவனங்களின் போர்டுகள் வரவேற்கும். கட்டணத்தைக் கேட்டால் வீட்டு உறுதியைத் தேட வேண்டி வரும். மச்சான் ஊரில் சீக்கிரம் முடித்தால் காசு மிச்சம். நம் ஊரில் சீக்கிரம் முடிக்கத்தான் காசு.

ஆனாலும் பேராதனையிலேயே சட்டபூர்வமான குறுக்குவழி ஒன்று உண்டு: ஜெனரல் டிகிரி. 90 கிரெடிட், மூன்றே வருடம். ஸ்பெஷல் என்றால் 120 கிரெடிட், நாலு வருடம். ஒரு வருட போர்டிங் காசு மிச்சமாகுமே என்று வீட்டில் மெதுவாக எடுத்து விட்டேன்.

அம்மாயி வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். "மத்த புள்ளைங்கள எல்லாம் நாலு வருசம் வச்சிருந்து, இவள மட்டும் மூணுல அனுப்புறாங்கன்னா, இவ என்னடா தப்பு பண்ணினா?"

பதில் சொல்ல முடியவில்லை. தங்கச்சி புருசன் வேறு கோணத்தில் போனார்: "சீக்கிரம் முடிச்சி என்ன செய்யப் போறா? வேலையில்லாப் பட்டதாரிகள் ஊர்வலத்துல ஒரு வருசம் முந்தியே போய் நிக்கவா?" அப்படி நின்றால் அங்கேயாவது சீனியோரிட்டி கிடைக்குமே என்று நான் சொன்னதை யாரும் ரசிக்கவில்லை.

மருமகள் ஸ்பெஷலுக்கே விண்ணப்பித்துவிட்டாள். அது கிடைக்க வேண்டுமென்று, கம்பஸுக்குள்ளேயே இருக்கும் குறிஞ்சிக் குமரனுக்குத் தங்கச்சி நேர்த்தி வைத்திருக்கிறாள். எத்தனை வருடத்தில் முடிய வேண்டும் என்று மட்டும் வேண்டுதலில் குறிப்பிடவில்லையாம். முருகனை எதற்குச் சங்கடத்தில் மாட்டிவிடுவது என்கிறாள்.