மிகைச்சம்பளம்: ஓர் ஆய்வுரை

பணியிலிருந்து விலகிய ஒருவருக்கு, அவர் விலகிய செய்தி சம்பளப் பட்டியல் தயாரிக்கும் பிரிவை எட்டாத காரணத்தால், அடுத்த மாதமும் வழக்கம்போல வங்கிக் கணக்கில் வந்து விழும் தொகையை இக்கட்டுரை மிகைச்சம்பளம் என்று குறிக்கிறது. இது போனஸ் அன்று; நிலுவையும் அன்று; பணிக்கொடையும் அன்று. பணிக்கொடை என்பது சட்டத்தின்படி, ஐந்தாண்டுகள் தொடர்ந்து உழைத்தவருக்கு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில், மாதத்தை 26 நாளாகக் கொண்டு வகுத்து வழங்கப்படுவது. நடைமுறையில் அதைப் பெறுவதற்கு விண்ணப்பம், நினைவூட்டல், நினைவூட்டலை நினைவூட்டும் கடிதம் ஆகியன வேண்டும். மிகைச்சம்பளத்துக்கு இவற்றுள் ஒன்றும் வேண்டுவதில்லை. கேட்காமலே வருவதும், கேட்டவை எவையும் வராத அதே இடத்திலிருந்து வருவதும் அதன் இரு இலக்கணங்களாகும்.

இப்பொருளில் அறிஞர் உலகம் கவனிக்கத் தவறிய வினா ஒன்று உண்டு. தவறுதலாக வந்த தொகை முன்னாள் ஊழியரின் சேமிப்புக் கணக்கில் கிடந்த காலத்தில் ஈட்டிய வட்டி யாருக்கு உரியது? சேமிப்புக் கணக்கின் வட்டியை அன்றாட இருப்பின் அடிப்படையில் கணக்கிட வேண்டும் என்ற விதி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருப்பதால், இது வெறும் தத்துவ விசாரம் அன்று. ரூபாயிலும் பைசாவிலும் விடை சொல்லத்தக்க வினாவாகும். அவ்விடையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குமுன் சில அடிப்படைச் செய்திகளைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம்.

சட்டத்தில் ஐயத்துக்கு இடமில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு, தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது. இருவர் சேர்ந்து பட்ட நூறு ரூபாய்க் கடனை ஒருவர் அடைத்துவிட, அதை அறியாத மற்றவரும் மீண்டும் நூறு ரூபாய் கொடுத்தால், கடன் கொடுத்தவர் இரண்டாவது நூறைத் திருப்பித் தர வேண்டும் என்று அச்சட்டமே எடுத்துக்காட்டும் தருகிறது. ஆகவே திருப்பித் தருவது பற்றி இக்கட்டுரையாளருக்கு மாற்றுக் கருத்து ஏதுமில்லை. அவருடைய மனவருத்தமெல்லாம், ‘தங்கள் வசம் உள்ள எங்கள் தொகை’ என்று தொடங்கி, சட்ட நடவடிக்கை என்ற சொல்லை இருமுறை ஆண்டு, சென்ற வாரம் வந்து சேர்ந்த ஒரு மின்னஞ்சலின் தொனி பற்றியதே.

அரசுப் பணியில் இருந்தவர்க்கு நிலைமை வேறு. ரஃபீக் மசீஹ் என்பவர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, ஓய்வு பெற்றவர், ஓராண்டுக்குள் ஓய்வு பெற இருப்பவர், மூன்றாம் நான்காம் பிரிவுகளைச் சேர்ந்த கடைநிலை ஊழியர் ஆகியோரிடமிருந்து, அரசு தன் பிழையால் கூடுதலாகக் கொடுத்த ஊதியத்தைப் பிடிக்கலாகாது என்று வரையறுத்தது. ஐந்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கொடுத்துவிட்டுப் பிறகு விழித்துக்கொள்வதும் செல்லாது. கேரளத்து ஆசிரியர் ஒருவரின் வழக்கில் 2022இலும் அதே நிலைப்பாடு உறுதிசெய்யப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் உழைத்து வெளியேறியவர்க்கு இத்தகைய நிழல் எதுவும் இல்லை. அவர்கள் ஆறுதலுக்காகச் சிலி நாட்டைத்தான் நோக்க வேண்டும்: அங்கே 2022இல், மாதம் ஐந்து லட்சம் பெசோ பெற வேண்டிய ஊழியர் ஒருவருக்குப் பதினாறரைக் கோடி பெசோ வரவு வைக்கப்பட்டது; வங்கிக்குச் சென்று திருப்பித் தருவதாகக் கூறிய அவர், பின்னர் வழக்கறிஞர் வழியாகத் தம் பணிவிலகலை அனுப்பினார். அவருடைய நிறுவனத்துக்கு வந்த கோபம் நியாயமானது. ஆயினும், பணத்துடன் விலகுவதற்கும் விலகியபின் பணம் வருவதற்கும் இடையே ஒழுக்கவியல் நோக்கில் பெருத்த வேறுபாடு உண்டு என்பதை இங்கே பதிவு செய்வது கடமையாகிறது.

பிழை நேரும் வழி எளியது. சம்பளப் பட்டியல் பெரும்பாலும் மாதத்தின் 20ஆம் தேதிக்கும் 25ஆம் தேதிக்கும் இடையே மூடப்படுகிறது. விலகல் தேதியைப் பதிவது மனிதவளத் துறை, பட்டியலை ஓட்டுவது வேறொரு ஊரில் உள்ள ஒப்பந்த நிறுவனம். பதிவு ஒரு நாள் பிந்தினால் விலகியவர் ஏட்டில் இன்னும் ஒரு மாதம் உழைக்கிறார். பணம் வந்த குறுஞ்செய்தியைக் கண்ட முன்னாள் ஊழியர், எடுக்காத விடுப்புக்கான ஈட்டுத்தொகையாக இருக்கலாம் என்று முதல் நாளும், பழைய ஊக்கத்தொகையாக இருக்கலாம் என்று மறுநாளும், கேட்டுப் பார்த்தால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்று அதற்கடுத்த நாளும் கருதுவது மனித இயல்பு என்பதால் அதை விரித்துரைக்கத் தேவையில்லை.

விரித்துரைக்க வேண்டியது நிலுவையின்மைச் சான்று. நோ டியூஸ் என்று அலுவலகங்களில் வழங்கும் இப்படிவம், விலகுபவர் நிறுவனத்துக்குச் சொந்தமான எதையும் எடுத்துச் செல்லவில்லை என்று ஒவ்வொரு துறையும் கையொப்பமிட்டு உறுதி செய்யும் ஆவணமாகும். மடிக்கணினியை ஒப்படைப்பது இதன் தொடக்கம் மட்டுமே. மடிக்கணினிக்குரிய மின்னேற்றி, மின்னேற்றியின் கம்பி, கம்பியைக் கட்டியிருந்த வெல்க்ரோ பட்டை ஆகியன தனித்தனியே எண்ணப்படுகின்றன. அடையாள அட்டை ஒரு துறைக்கும் அதன் கழுத்துப்பட்டை வேறொரு துறைக்கும் உரியன. வாகனமே இல்லாதவரும் வாகன நிறுத்தத்துக்கான ஒட்டுவில்லையைத் திருப்பித் தர வேண்டும், அல்லது அது தமக்கு வழங்கப்படவில்லை என்று அத்துறையிடமே சான்று பெற வேண்டும். இவையனைத்தினும் மேலானது மேசை இழுப்பறையின் சாவி. இழுப்பறை எனப்படுவது மேசைக்கடியில் உருளைச் சக்கரங்களுடன் நிற்கும் மூன்றடுக்குத் தகரப் பெட்டி; அதன் பூட்டு எக்காலத்தும் பூட்டியதில்லை; பூட்டாத பூட்டுக்குச் சாவி ஒன்று இருந்தது என்பதே பணிக்காலம் முழுவதும் எவருக்கும் தெரியாது. எனினும் விலகும் நாளில் அச்சாவி, உரிய வரிசை எண்ணுடன், கணினியில் தோன்றுகிறது. தொலைந்த சாவிக்கு இழப்பீடு உண்டு. இழப்பீட்டைக் கட்ட விரும்பினால் அதற்கு ஒரு விண்ணப்பம் உண்டு. விண்ணப்பத்தை ஏற்கும் அலுவலர் விடுப்பில் இருப்பார். அவருக்குப் பதிலாகக் கையொப்பமிடும் அதிகாரம் பெற்றவர், சாவியின் வரிசை எண்ணும் இழுப்பறையின் வரிசை எண்ணும் பொருந்தவில்லை என்று கண்டுபிடிப்பார். இழுப்பறை சக்கரங்களில் உருண்டு இடம் மாறும் இயல்புடையது என்ற விளக்கம் அவரிடம் எடுபடுவதில்லை. இரு தளங்களில் தேடி உரிய இழுப்பறையைக் கண்டடைந்தால், அதனுள் அச்சாவி இருக்கிறது. சாவியும் இழுப்பறையும் மீண்டும் இணைந்தபின் கிடைக்கும் கையொப்பம், போக்குவரத்துத் துறையின் கையொப்பம் இல்லாததால் கணினியால் நிராகரிக்கப்படுகிறது. இத்துணை நுண்ணோக்குடன் ஒரு சாவியைப் பின்தொடர வல்ல அமைப்பு, அச்சாவியை ஒப்படைத்துவிட்டு ஒருவர் வெளியேறியதை மட்டும் அறியாமல், ஒரு முழு மாதச் சம்பளத்தை அவர் பின்னால் அனுப்பியது எவ்வாறு என்பது தனி ஆய்வுக்குரியது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு, விலகியவரின் ஊதியத்தை இரு வேலை நாள்களுக்குள் தர வேண்டும் என்கிறது. மனிதவளத் துறையின் மரபோ 45 நாள் என்கிறது. அந்த 45 நாளும் அச்சாவிக்காகச் செலவாகின்றன என்று கொள்வதே பொருத்தம்.

திருப்பித் தரும் தொகை எது என்பதிலும் ஒரு நுட்பம் உள்ளது. ஊழியரின் கைக்கு வந்தது, வருமான வரியும் வருங்கால வைப்பு நிதிப் பங்கும் கழிந்த தொகை. மின்னஞ்சல் கேட்பது கழிவுக்கு முந்திய மொத்தத் தொகை. பிடிக்கப்பட்ட வரியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் அரசுக்குச் செலுத்திவிட வேண்டும் என்பது விதியாதலால் அப்பணம் நிறுவனத்திடம் இல்லை. ஊழியரிடமோ அது வரவே இல்லை. எனவே அவர் பெறாத பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு, வரிக்கணக்குத் தாக்கல் செய்து, அரசிடமிருந்து மீளப் பெற வேண்டும் என்பது நிறுவனத்தின் எதிர்பார்ப்பு. கனடாவில் 2016இல் தொடங்கப்பட்ட ஃபீனிக்ஸ் என்னும் ஊதியக் கணினி அமைப்பு, அரசு ஊழியர் பலருக்குக் குறைத்தும் பலருக்குக் கூட்டியும் கொடுத்துப் பெருங்குழப்பம் விளைவித்தபோது இதே சிக்கல் எழுந்தது. கைக்கு வந்ததை மட்டும் திருப்பித் தந்தால் போதும் என்று 2019இல் அந்நாட்டு அரசு விதியைத் தளர்த்தியது. இச்செய்தியை இக்கட்டுரையாளர் உரிய விவரங்களுடன் பதில் மின்னஞ்சலில் எழுதினார். அம்முகவரி பதில்களை ஏற்பதில்லை என்ற தானியங்கி விடை உடனே வந்தது.

பணத்தைச் செலுத்துவதற்கென நிறுவனம் ஓர் இணையவாயிலை வைத்துள்ளது. அதனுள் நுழைய ஊழியர் எண் வேண்டும். எண்ணை இட்டால், அவ்வெண் பயன்பாட்டில் இல்லை என்கிறது. பயன்பாட்டில் இல்லாதவர்க்கென உள்ள வேறொரு பொத்தானை அழுத்தினால், ஒருமுறை கடவுச்சொல் அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்கிறது. அம்மின்னஞ்சலோ விலகிய நாளன்று, மாலை ஆறு மணிக்கு, இந்நிறுவன வரலாற்றிலேயே ஒருபோதும் காணப்படாத காலந்தவறாமையுடன் முடக்கப்பட்டது. இதைத் தொலைபேசியில் விளக்கிய இக்கட்டுரையாளரிடம் புகார் எண் ஒன்று வழங்கப்பட்டது. மறுநாள் காலை, அப்புகார் தீர்த்துவைக்கப்பட்டதாகவும், கிடைத்த சேவையை ஐந்து நட்சத்திரங்களுக்குள் மதிப்பிடுமாறும் குறுஞ்செய்தி வந்தது. ஒரு நட்சத்திரம் அளித்தபோது, மதிப்பீட்டைப் பதிவு செய்ய ஊழியர் எண்ணை உள்ளிடுமாறு கேட்கப்பட்டது.