மதில்மேல் 39 பெயர்கள்

கேள்வி: 2024 இலங்கை ஜனாதிபதித் தேர்தல் நெருங்கியபோதும் ஹாலிஎல தேயிலைத் தோட்டங்களில் சிலர் யாருக்கு வாக்களிப்பது என்று முடிவெடுக்காதது ஏன்?

பதில்: மதில்மேல் பூனைக்குக் குதிக்க இரண்டே பக்கங்கள், வாக்குச்சீட்டிலோ 39 பெயர்கள். எடை மடுவத்தில் கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’, அதாவது பாதிநாள் சம்பளம், விழும் வாழ்வில், மே தினத்தில் அறிவிக்கப்பட்ட 1,700 ரூபாய் நாட்சம்பளம் ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் நின்று, செப்டெம்பரில் 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளமாகச் சுருங்கியதைக் கண்டவர்கள், வாக்குறுதியையும் நிறுத்துப் பார்த்தது முற்றிலும் நியாயமே. வழிகாட்ட வேண்டிய தலைமைகளும் ஒன்றுபடவில்லை: இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணில் விக்கிரமசிங்கவையும், தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித் பிரேமதாசவையும் ஆதரிக்க, வென்றவரோ அநுர குமார திசாநாயக்க.