ஊர்வம்பும் 800 மெகாஹெர்ட்ஸும்

நியூ ஜெர்சியில் நாங்கள் குடியிருக்கும் சிற்றூரில், தீயணைப்பு நிலையத்தின் கூரைமேல் ஒரு சங்கு இருக்கிறது. நான் கும்பகோணத்தில் முனிசிபாலிட்டிச் சங்கு கேட்டு வளர்ந்தவன். அந்தச் சங்கு மணி சொல்லும். இந்தச் சங்கு எதையும் சொல்லாது, எழுப்பிவிட்டுப் போய்விடும். போன டிசம்பரில் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு அது ஊத, என் மனைவி போர்வைக்குள்ளிருந்தே, "என்னங்க, எங்கே?" என்றாள்.

எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் பழைய தெருவில் தீயணைப்பு வண்டி நுழைந்தால், அது நிற்பதற்குள் எந்த வீடு, யார் அடுப்பை அணைக்காமல் கோயிலுக்குப் போனது, அதைப் பற்றி அவள் நாத்தனார் போன வருஷமே என்ன சொன்னாள் என்பது வரை தெருமுனைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இங்கே ஜன்னல் திரைகள் இரண்டு அங்குலம் விலகும், மூடிக்கொள்ளும். காலையில் பக்கத்து வீட்டுக்காரர் பனி பெய்யுமா என்பதைப் பற்றி மட்டும் பேசுவார். இருபது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். எந்த வீட்டில் என்ன நடந்தது என்று ஒருநாளும் தெரிந்ததில்லை.

அப்போதுதான் ஸ்கேனர் வாங்குவது என்று முடிவு செய்தேன். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆகியவற்றின் ரேடியோப் பேச்சை ஒவ்வோர் அலைவரிசையாகத் தாவித் தாவிப் பிடித்துத் தரும் கையடக்கப் பெட்டி அது. பொதுவாக இதைக் கேட்க இந்த நாட்டில் லைசென்ஸ் வேண்டாம். பினாகா கீதமாலா கேட்பதற்கே தபாலாபீஸில் லைசென்ஸ் பணம் கட்டிய அப்பாவின் பிள்ளைக்கு இதுவே பெரிய கிளர்ச்சி.

அலுவலகத்தில் ஒரு ஹாம் ரேடியோக்காரர் உண்டு; லைசென்ஸ் வாங்கி, பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர். அவரிடம் யோசனை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "உங்கள் கவுன்டி அனலாகா, டிஜிட்டலா?" என்றார். தெரியாது. "தனித்தனிச் சானலா, ட்ரங்கிங்கா?" தெரியாது. "பி25 என்றால் முதல் பேஸா, இரண்டாம் பேஸா?" பெண் பார்க்கப் போன இடத்தில் கோத்திரம் என்ன, நட்சத்திரம் என்ன, எத்தனையாம் பாதம் என்று வரிசையாகக் கேட்பார்களே, அதேதான். ஒன்று மட்டும் வித்தியாசம். அங்கே பொருத்தம் இல்லாவிட்டாலும் பரிகாரம் இருக்கும்.

அனலாக் போதும் என்றால் யூனிடென் பிசி125ஏடி, 500 சானல், விலை நூறு டாலருக்குச் சற்று முன்னே பின்னே என்றார். டிஜிட்டல், ட்ரங்கிங் எல்லாம் வேண்டுமென்றால் எஸ்டிஎஸ்100, 700 டாலர் பக்கம். "கவுன்டியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்" என்று மூன்று முறை சொன்னார். நான் விலையைப் பார்த்துவிட்டு வாங்கினேன்.

அந்தச் சின்னப் பெட்டியின்மேல் ஒரு குற்றமும் இல்லை. 512 மெகாஹெர்ட்ஸோடு தன் எல்லை முடிந்தது என்று அட்டையிலேயே சொல்லியிருந்தது. எங்கள் கவுன்டிக்காரர்களோ 700, 800 மெகாஹெர்ட்ஸுக்குக் குடிபோயிருந்தார்கள். அந்தப் பக்கம் இது தலைவைத்தும் படுக்காது. இருந்தாலும் முதல் ராத்திரி நிறையக் கேட்டது. 162.400 முதல் 162.550 வரை ஏழு சானல்களில் அரசாங்க வானிலை ஒலிபரப்பு: இயந்திரக் குரல் ஒன்று, தூக்கமும் கோபமும் இல்லாமல், கடலோரக் காற்றின் வேகத்தை வாசித்துக்கொண்டே இருக்கும். நெவார்க்கில் இறங்கும் விமானிகள் பேசினார்கள். ஏதோ ஒரு கடையில் மூன்றாம் வரிசையில் பால் கொட்டிவிட்டது. துடைக்க ஆள் கூப்பிட்டார்கள். மனைவி ஐந்து நிமிஷம் கேட்டாள். "நம்ம வீட்டிலேயும் பால் கொட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

சரி, தீயணைப்புத் துறைகள் ஒன்றுக்கொன்று உதவிக்குப் பேசும் 154.280-ஐயாவது போடுவோம் என்று உட்கார்ந்தேன். பட்டன்கள் கடுகளவு, என் கண்ணாடி மாடியில். ஏதோ அமுக்கினேன், உடனே மனிதக் குரல்கள். இரண்டு நாள் பயபக்தியோடு கேட்டேன். வயதான குரல்கள், அவசரமே இல்லை. ஒருவருக்கு மூட்டு மாற்று அறுவை; இன்னொருவர் புது ஆன்டெனாவைக் கூரையில் ஏற்றப் போகிறார், மனைவிதான் ஏணியை ஒளித்துவைத்துவிட்டாள். தீயணைப்பு வீரர்கள் இவ்வளவு நிதானமானவர்களா என்று வியந்து ஹாம்காரரிடம் சொன்னேன். பெட்டியை வாங்கிப் பார்த்தார். 154-க்குப் பதில் 145 என்று போட்டிருந்தேன். அது ஹாம்காரர்களின் இடம். "அந்த மூட்டு வலிக்காரர் என் நண்பர்" என்றார்.

அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க எனக்கு ட்ரங்கிங் பாடம் நடந்தது. முன்பெல்லாம் போலீசுக்கு ஒரு சானல், தீயணைப்புக்கு ஒன்று என்று வீட்டுக்கொரு கிணறு மாதிரி இருந்தது. ஒரு கிணற்றில் கூட்டம் முட்டும், இன்னொன்று சும்மா கிடக்கும். இப்போது எல்லாச் சானலையும் ஒன்றாகக் கொட்டிவிட்டார்கள். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பெண் வீட்டார், பிள்ளை வீட்டார், ஆபீஸ்காரர்கள் என்று கும்பல்கள் இருக்கும். யாருக்கும் நிரந்தர இடம் கிடையாது. பந்தி விசாரிப்பவர் வாசலில் நின்று, "நீங்கள் நாலாவது வரிசை, அவர்கள் ஏழாவது" என்று அனுப்பிக்கொண்டே இருப்பார். அந்த விசாரிப்புக்காரர்தான் கன்ட்ரோல் சானல். கும்பல்தான் டாக்குரூப். ஸ்கேனர் விசாரிப்புக்காரர் வாயையே பார்த்துக்கொண்டிருந்து, தனக்கு வேண்டிய கும்பல் எந்த வரிசைக்குப் போனாலும் பின்னாலேயே ஓட வேண்டும். என் பெட்டியோ ஒரே இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆள். அதோடு, பேச்சும் எண்களாக மாறிவிட்டது. பி25 என்ற அந்த டிஜிட்டல் முறையின் முதல் பேஸில் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு பேச்சு. இரண்டாம் பேஸில் அதே அகலத்தை நேரத்தால் கூறுபோட்டு இரண்டு பேச்சு. ஒரே சமையலறையை அண்ணன் தம்பி இருவர் முறைவைத்துப் புழங்குவதுபோல. எங்கள் கவுன்டி இரண்டாம் பேஸ். ஹாம்காரர் அதைச் சொன்ன குரலில் செவ்வாய் தோஷம் தெரிந்தது.

ஆகவே 700 டாலர். வீட்டில் 200 என்று சொன்னேன். தவணையில் தெரியட்டும்.

இந்தப் பெட்டியில் ஜிப் கோடு போட்டால் போதும், நம் ஊர் டாக்குரூப்கள் தாமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். வந்தன. எனக்கு இருபது வருஷத்தில் அறிமுகமாகாத ஊர் முழுதும் திரையில் பெயர் பெயராக ஓடியது: பொதுப்பணித்துறை, பள்ளிப் பேருந்து, நாய் பிடிப்பவர். கேட்கத்தான் முடிந்தது கொஞ்சம். பல கோபுரங்கள் ஒரே பேச்சை ஒரே நேரத்தில் ஒலிபரப்புகின்றன. அதற்கு சைமல்காஸ்ட் என்று பெயர். இரண்டு கோபுரத்து அலை இம்மியளவு முன்பின்னாக வந்து மோதினால் பழைய டிஜிட்டல் ஸ்கேனர்களுக்குத் தலை சுற்றிவிடும். இது சமாளிக்கிறது, வடக்குப் பார்த்த ஜன்னலோரம் வைத்தால். அங்கே ஏற்கெனவே துளசித் தொட்டி இருந்தது. துளசியை நகர்த்தச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. இருவரும் ஒட்டிக்கொண்டு இருக்கிறார்கள்.

போலீஸ்? மூச். மொத்தமும் மறையாக்கம். பூட்டிய கதவுக்குப் பின்னால் பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பது எத்தனை டாலர் கொடுத்தாலும் தெரியாது. பக்கத்து நியூயார்க் நகரப் போலீசும் 2023-லிருந்து ஒவ்வொரு பகுதியாகப் பூட்டிக்கொண்டு வருகிறது. பத்திரிகைக்காரர்கள் கோபப்படுகிறார்கள், நியாயம்தான். ஆனால் அடிபட்டவன் பெயரும் பிறந்த தேதியும் வீட்டு விலாசமும் என்னைப் போன்ற ஒருவன் துளசித் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்கா என்று யோசித்தால், அந்தப் பூட்டின்மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. 700 டாலரை நினைக்கும்போது மட்டும் கொஞ்சம் வரும்.

சட்டத்தையும் படித்தேன், தாமதமாக. கைப்பேசிப் பேச்சை ஒட்டுக்கேட்பது 1986-லிருந்தே குற்றம். நியூயார்க் மாநிலத்தில் இன்னொன்று: போலீஸ் அலைவரிசையைப் பிடிக்கும் ரேடியோவைக் காரில் பொருத்த அனுமதி வேண்டும், ஹாம் லைசென்ஸ் உள்ளவர்களுக்கு விலக்கு. 1938-ல் வீஜீ என்ற புகைப்படக்காரர் அப்படி அனுமதி வாங்கித்தான் போலீசுக்கு முன்னால் கொலை நடந்த இடத்தில் போய் நின்று படமெடுத்துப் புகழ்பெற்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குக் கிளம்பினோம். பிள்ளையார் சாக்கு, கோயில் கான்டீன் தோசைதான் யாத்திரை. கோத்தல்ஸ் பாலம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஸ்கேனர் பையில் இருப்பது நினைவுக்கு வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் நியூயார்க். பைக்குள் கிடப்பது 'பொருத்தியது' ஆகுமா என்று வக்கீல்கள் வாதாடலாம். அம்மாவை முன் சீட்டில் வைத்துக்கொண்டு அந்த வாதத்தைத் தொடங்க எனக்கு மனமில்லை. வண்டியைத் திருப்பினேன். அன்று வீட்டில் உப்புமா. காரணம் கேட்டபோதுதான் 200, 700 ஆனது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு மாத விசாவில் வந்திருக்கிறாள், வயது 78. கும்பகோணத்தில் முப்பது வருஷம் பாட்டு டீச்சர். பெரிய பெட்டி என் கையில் இருந்ததால், அநாதையான சின்னப் பெட்டியைத் தன் கட்டிலோரம் வைத்துக்கொண்டாள். பேச்சுத்துணைக்காம். அதில் நான் கண்டுகொள்ளாத ஒரு சானல் இருந்தது. எங்கள் தீயணைப்பு வீரர்கள் சம்பளக்காரர்கள் இல்லை, ஊர்த் தொண்டர்கள். பேஜர் அடித்தால் வீட்டிலிருந்து ஓடுவார்கள். மற்றப் பேச்செல்லாம் டிஜிட்டலுக்குப் போன பிறகும் அந்த பேஜர் அழைப்பு மட்டும் பழைய அனலாகிலேயே நிற்கிறது. முதலில் ஒரு நொடி ஒரு சுரம், பிறகு மூன்று நொடி இன்னொரு சுரம், அப்புறம் விலாசமும் விஷயமும். ஊருக்கு ஊர் சுர ஜோடி வேறு.

நான் பெரிய பெட்டியில் நம் ஊர்ச் சுரத்துக்கு மட்டும் மணியடிக்கும்படி அமைக்க இரண்டு மாலையாக ஹெர்ட்ஸ் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா அறையிலிருந்து குரல் வந்தது: "ஏண்டா, அது பக்கத்து ஊர். நம்மூருது சட்ஜமத்திலேர்ந்து காந்தாரத்துக்குப் போகும். இது மேலேர்ந்து கீழே விழறது பார்."

அன்றிலிருந்து வீட்டில் விஷயம் தெரிந்தவள் அம்மாதான். அவளுக்கு இங்கிலீஷ் கடைக்குப் போகிற அளவுக்கு. ஆனால் குரலில் எல்லாம் தெரிந்துவிடுகிறது. "இது சும்மா புகை மணி, அந்தப் பெண் கொட்டாவி விட்டுண்டே சொல்றா." "இது நிஜம், மூச்சு விடாம சொல்றா பார்." அழைப்பு அனுப்பும் பெண்ணுக்குச் சளி பிடித்திருப்பதை முதலில் கண்டுபிடித்ததும் அவள்தான். கஷாயம் அனுப்ப வழியுண்டா என்று கேட்டாள்.

நான் எதிர்பார்த்த தீயெல்லாம் இந்த ஊரில் அபூர்வம். நாளுக்கு நாலு தடவை வருவது 'லிஃப்ட் அசிஸ்ட்'. தூக்கிவிட ஆள் வேண்டும் என்று அர்த்தம். தனியாக இருக்கிற கிழவர், கிழவி கீழே விழுந்துவிடுவார்கள். அடி இருக்காது, எழுந்திருக்க முடியாது. தொண்டர்கள் போய்த் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் திரும்புவார்கள். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு. வாரத்தில் மூன்று முறையாவது அந்த விலாசம் வரும், பெரும்பாலும் ராத்திரி ஒன்பதரை வாக்கில்.

"யாருடா அது?"

"தெரியாதும்மா."

"ரெண்டு தெரு தள்ளி இருக்கார், தெரியாதுங்கறே. பாத்ரூமிலே விழறாரா, படியிலேயா?"

அதுவும் தெரியாது. அவளுக்கு அது தாங்கவில்லை. காலை நடையில் அந்த வீட்டு வழியாகப் போகச் சொல்லி, வாசல் விளக்கைப் பார்த்துக்கொண்டு வந்தாள். விளக்கு பகலிலும் எரிந்துகொண்டிருந்தது.

இந்த வாரம் ஞாயிறு, திங்கள், செவ்வாய், அந்த விலாசம் வரவில்லை. நேற்று பத்தரைக்கு அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைத்துச் சின்னப் பெட்டியை அணைக்கப் போனேன். இருட்டில் கை நீண்டு என் மணிக்கட்டைப் பிடித்தது.

"இருக்கட்டும்டா. அவர் இன்னும் வரலை."