பொமரேனியன் குட்டியும் ஹால் தரையும்

கேள்வி: எங்கள் பொமரேனியன் குட்டிக்கு 2 மாதம். ஹால் முழுக்க ஈரம். அடித்துத் திருத்தலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அடித்தால் 'இங்கே போகக் கூடாது' என்று அதற்குப் புரியாது. 'இவர் பார்க்கும்போது போகக் கூடாது' என்றுதான் புரியும். பிறகு சோபாவுக்குப் பின்னால் தேடித் துடைப்பீர்கள். சுண்டைக்காய் மூத்திரப்பை, பாவம். 2, 3 மணி நேரம் தாங்குவதே பெரிது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு ஒரே இடத்துக்கு ஓடுங்கள். போன கையோடு பாராட்டும் ஒரு துணுக்கு வேகவைத்த கோழியும் கொடுங்கள். தரை துடைக்க ஃபினாயில் வேண்டாம், நாய்க்கு அது நஞ்சு.

இதே போல அடிக்காமல் 'உட்கார்' பழக்க, தின்பண்டத்தை மூக்குக்கு மேலே காட்டி மெல்லப் பின்னால் நகர்த்துங்கள். தலை நிமிர நிமிர, பின்புறம் தானே தரையில் அமரும். தாத்தா 'உட்கார்', பேத்தி 'சிட்' என்றால் குட்டி குழம்பும். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள்.