பாட்டில் பெட்ரோல்: ஜி.எஸ்.டி. சாலையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுக்களம்

ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர் என்று சென்னைக்குத் தெற்கே நீளும் ஜி.எஸ்.டி. சாலையில் பெட்ரோல் பங்குகளுக்குப் பஞ்சமில்லை. இருந்தும், ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு பைக்கைத் தள்ளிச் செல்வோர் அங்கே அடிக்கடி தென்படுகிறார்கள். பங்க் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அது சாலையின் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். நடுவில் மீடியன். வண்டியோடு போவதென்றால் யு-டர்ன் வரை தள்ளியாக வேண்டும். வண்டியை இங்கேயே நிறுத்திவிட்டு, பெட்ரோலை மட்டும் எதில் ஏந்தி வருவது என்பதே இவ்வாய்வின் பொருள்.

முன்னோடிகள்

இத்துறையின் மூலவர் ஜெர்மனியின் 20 லிட்டர் எஃகுக் கேன். 1937இல் ஜெர்மானிய ராணுவத்துக்காக வடிவமைக்கப்பட்டது. அதற்கு மூன்று கைப்பிடிகள்: நடுவில் உள்ளதை ஒருவர் பிடிக்கலாம், ஓரத்தில் உள்ளவற்றை இருவர் பிடித்துத் தூக்கலாம், காலிக் கேன் என்றால் ஒரே கையில் இரண்டைக் கொண்டுபோகலாம். இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயர்கள் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கு நான்கு காலன் தகர டின்களில் பெட்ரோல் அனுப்பி, வழியெல்லாம் மண்ணுக்கு வார்த்தார்கள். பின்னர் எதிரியின் கேனைக் கைப்பற்றி, அதையே நகலெடுத்தார்கள்.

இதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1939இல் பால் ப்ளைஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு ஜெர்மானிய நண்பரோடு பெர்லினிலிருந்து புறப்பட்டு இந்தியாவுக்கே கார் ஓட்டி வந்தார். வழியில் தண்ணீர் வைத்துக்கொள்ள அவர்கள் எடுத்துக்கொண்டவை இந்தக் கேன்கள் மூன்று. உலகின் தலைசிறந்த பெட்ரோல் கேனில் தண்ணீர் இந்தியாவுக்கு வந்தது; இங்கே நாம் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோலை ஊற்றிக் கணக்கை நேர் செய்துவிட்டோம்.

நிலைகள்

பெட்ரோல் தீர்ந்தவர் பாட்டிலைத் தேடுமுன் இரண்டு நிலைகளைக் கடக்கிறார்.

முதலாவது, சாய்ப்பு நிலை. பைக்கின் டேங்க் நடுச்சட்டத்தின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருப்பதால் அடியில் இருபுறமும் பள்ளம் உண்டு. எஞ்சினுக்குப் போகும் குழாய் ஒரு பள்ளத்தில்தான் இருக்கும். மறுபள்ளத்தில் தேங்கியதை இந்தப் பக்கம் கொண்டுவர வண்டியைச் சாய்க்கிறார்கள். பார்ப்பவருக்குச் சடங்காகத் தோன்றினாலும் இது முழுக்க முழுக்க அறிவியல்.

இரண்டாவது, உதை நிலை. பின்னால் வேறு வண்டியில் வரும் நண்பர், இறந்த வண்டியின் ஃபுட்ரெஸ்டில் ஒரு காலைக் கொடுத்துத் தள்ளியபடியே வருவார். முன்பின் தெரியாதவரும் இந்த உதவியைச் செய்வதுண்டு. நட்பைக் காலால் வெளிப்படுத்தும் அபூர்வச் சந்தர்ப்பம் இது. லாரிகள் பறக்கும் சாலையில் ஆபத்தும்கூட.

இவ்விரு நிலைகளுக்கும் முன்னால் ஒருகாலத்தில் ‘ரிசர்வ்’ என்றொரு நிலை இருந்தது. வண்டி திக்கும், ஓட்டியபடியே குனிந்து குமிழைத் திருப்பினால் அடுத்த பங்க் வரை தாங்கும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதிகள் நடைமுறைக்கு வர, ஃப்யூயல் இஞ்செக்‌ஷன் வண்டிகள் பெருகின, குமிழ் போயிற்று. இப்போது எச்சரிக்கை கண் சிமிட்டும் ஒரு கோடு மட்டுமே. கைக்கு வேலை தராத எச்சரிக்கையை மனிதன் மதிப்பதில்லை என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

சட்ட நோக்கு

மூன்றாம் நிலையான பாட்டிலுக்கு வருவோம். 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம், எட்டாவது பிரிவு, சாமானியன் மீது நம்பிக்கை வைத்தே பேசுகிறது. விற்பனைக்கல்ல என்றால் 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்திருக்க உரிமம் வேண்டாம். ஆனால் ஏனம் இறுக மூடியதாக இருக்க வேண்டும். கண்ணாடியிலோ பீங்கானிலோ ஆனது என்றால் ஒரு லிட்டருக்கு மிகக் கூடாது. உலோகம் என்றால் 25 லிட்டர். பிளாஸ்டிக் என்ற சொல்லே அந்தப் பிரிவில் இல்லை. அதாவது, பாட்டியின் ஊறுகாய் ஜாடிக்கு உள்ள சட்டத் தகுதி, மினரல் வாட்டர் பாட்டிலுக்குக் கிடையாது.

சட்டம் எழுதியவர்கள் பிளாஸ்டிக் பாட்டிலைக் கண்டதில்லை என்று வாதிடலாம். ஆனால் பெட்ரோலின் குணம் மாறவில்லை. பூஜ்யத்துக்கு 40 டிகிரி கீழேயும் அதன் ஆவி தீப்பற்றும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து பொறியைத் தேடிப் போகும். பிளாஸ்டிக்கில் ஊற்றும்போது நிலைமின்சாரம் வேறு சேரும். பங்குகளில் பாட்டிலைக் கண்டதும் கைவிரிப்பதற்கு இன்னொரு காரணம், அது பெட்ரோல் குண்டாகவும் மாறும் என்ற அச்சம். பாட்டிலோடு கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறினால் ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவு காத்திருக்கிறது: மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஒப்பீடு

சிங்கப்பூர்க் கார் மலேசியாவுக்குப் புறப்பட்டால் டேங்கில் முக்கால் பங்கு எரிபொருள் இருந்தாக வேண்டும். எல்லையில் முள்ளைப் பார்ப்பார்கள். இலங்கையில் 2022 நெருக்கடியின்போது கேன்களுக்கு எரிபொருள் தருவது தடுக்கப்பட்டது; ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லிட்டர் என்றானது. அதற்கும் முன்பு, தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில், யாழ்ப்பாணத்தார் கார்பரேட்டரில் சில துளி பெட்ரோலைக் காட்டி எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினார்கள். இத்துறையில் அவர்கள் எட்டிய உயரத்தைக் கூடுவாஞ்சேரி எட்டத் தேவையில்லை.

பரிந்துரை

ஜி.எஸ்.டி. சாலையில் தீர்ந்துபோவது பெட்ரோல். இல்லாமல் போவது ஏனம். ஆகவே பங்க் உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இறுக்கமான மூடி போட்ட இரண்டு லிட்டர் உலோகக் கேன் ஒன்றை அலுவலறையில் வையுங்கள். வண்டி எண்ணை எழுதிக்கொண்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு, இரவல் கொடுங்கள். கேன் திரும்பி வந்துவிடும். பங்க் வரை வந்தாக வேண்டிய வண்டிதானே அது.